34 சதவீதம் வந்துவிட்டது, வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இது சரியா?

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு கல்லூரியில் பகுதிநேரமாகத் தமிழில் பிஎச்.டி. செய்கிறேன். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்துத் தாலாட்டும் ஒப்பாரியும்தான் தலைப்பு. ஐந்து வருடம் ஆகிவிட்டது, எழுதி முடிக்கும் கட்டம். போன வாரம் ஒப்புமை பார்க்கும் மென்பொருளில் ஆய்வேட்டை ஏற்றினார்கள், மற்ற எழுத்துகளோடு 34 சதவீதம் ஒத்துப்போகிறது என்று வந்தது. நெறியாளர் கோபப்படவில்லை. "வாக்கியத்தை மாற்றிப் போடும்மா, பத்துக்குக் கீழே கொண்டுவா" என்று மட்டும் சொன்னார். நாலு நாளாக ராத்திரி பிள்ளைகள் தூங்கினதும் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறேன். "குழந்தை" இருந்த இடத்தில் "மழலை", "பாடுகிறாள்" இருந்த இடத்தில் "இசைக்கிறாள்". நேற்று ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். நான் எழுதினது மாதிரியே இல்லை. அழுகை வந்துவிட்டது.

இன்னொரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அந்த அறிக்கையில் ஒரு தொகுப்பு நூல் கட்டுரையோடு மட்டும் 6 சதவீதம் ஒத்துப்போகிறது என்று காட்டியது. யாருடையது என்று போய்ப் பார்த்தால், உள்ளே இருப்பது நான் 2013இல் எம்.ஃபில். செய்தபோது ஒரு அப்பத்தாவிடம் பதிவு செய்த தாலாட்டு. எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், மாமன் சீர் கொண்டுவருகிற இடத்தில் எல்லாரும் பொன், வெள்ளி, பட்டு என்று பாடுவார்கள். அந்த அப்பத்தா போடிக்கு ஏலக்காய் மூட்டை ஏற்றப் போன தன் சொந்தத் தம்பியை அதில் வைத்துப் பாடினார். அவர் தம்பி வரும் வழியில் இருக்கும் கண்மாயின் பெயர்கூட வரும். அந்த இரண்டு வரியும் வேறு யார் பாட்டிலும் நான் கேட்டதில்லை. கட்டுரையில் அப்படியே இருக்கிறது, கீழே "மதுரை வட்டாரத் தாலாட்டு" என்று போட்டிருக்கிறார்கள். என் பெயரை விடுங்கள், அப்பத்தா பெயர் இல்லை. இப்போது மென்பொருள், நான் அந்தக் கட்டுரையிலிருந்து எடுத்ததாகச் சொல்கிறது.

என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தட்டச்சுக்கடை:

தங்கச்சி, முதலில் அந்த "மழலை, இசை" வேலையை இன்றோடு நிறுத்துங்கள்.

கல்லூரி வாசலில் டிடிபி கடை வைத்து 22 வருடம் ஆகிறது. ஆய்வேடு மட்டும் எத்தனை அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சில வருடம் முன்னால் ஒரு பையன் வந்தான். பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றிக் கொடுங்கள் அண்ணே என்றான். மாற்றிவிட்டுச் சரிபார்க்கும்போது மூன்றாவது இயலில் ஒரு அடிக்குறிப்பு கண்ணில் பட்டது, ப. 413 என்று. எனக்குப் பொறி தட்டியது. அந்தப் புத்தகம் மொத்தமே 280 பக்கத்துச் சொச்சம்தான். 143 என்று இருந்ததை நான்தான் பல வருடம் முன்னால் ஒரு அக்காவுக்கு அடித்தபோது 413 என்று மாற்றி அடித்துவிட்டேன். பைண்டிங் முடிந்து போன பிறகுதான் அந்த அக்கா பார்த்துச் சொன்னார், எனக்கு ரொம்ப வருத்தம், அதனால் மறக்கவில்லை. என் கைப்பிழை அப்படியே இன்னொருத்தர் ஆய்வேட்டில் உட்கார்ந்திருக்கிறது.

பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, இந்தப் புத்தகத்தை நீ பார்த்தாயா" என்று கேட்டேன். பார்க்கவில்லை அண்ணே என்று உடனே ஒத்துக்கொண்டான். யாரோ சீனியர் கோப்பைக் கொடுத்து, இதை வைத்து எழுதிக்கொள் என்று சொல்லியிருக்கிறார். நான் அடித்துத் தர மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். வேறு கடையில் போட்டிருப்பான். அன்றைக்கு அந்த அக்காவுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று இன்னமும் தோன்றுகிறது.

---

நூலகத்தம்பி:

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், இந்த அறிக்கைகளை எடுத்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அக்கா, 34 என்பதைப் பார்த்து மிரள வேண்டாம், ஆனால் அறிக்கையை முழுசாகப் படிக்காமல் விடவும் வேண்டாம்.

2018இல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. அதில் நாலு நிலை. 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை இருந்தால் திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் திருத்திய பிரதியையே கொடுக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. உங்கள் நெறியாளர் பத்துக்குக் கீழே என்று சொல்வது இதை வைத்துத்தான்.

ஆனால் அதே ஒழுங்குமுறை, எதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆதாரம் காட்டி எடுத்தாண்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டங்கள், பொதுச்சொற்கள் இவையெல்லாம் விலக்கு. எல்லாருக்கும் தெரிந்த செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களோ தொடர்ந்து 14 சொல் வரை வந்தால் அதுவும் விலக்கு. கேள்வி என்னவென்றால், உங்கள் அறிக்கையை எடுத்தவர் அந்த விலக்குகளைப் போட்டு எடுத்தாரா? பல இடங்களில் அப்படியே ஏற்றி அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். தமிழ் ஆய்வேடுகளுக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. பாட்டை மேற்கோள் குறி இல்லாமல் உள்தள்ளி மட்டும் போடுவது நம் வழக்கம். மென்பொருளுக்குப் பல சமயம் அது மேற்கோள் என்றே தெரியாது. ஒற்றைக் குறிக்குள் போட்டாலும் சிலது எடுத்துக்கொள்ளாது. இரட்டைக் குறி போட்டு, விலக்குகளையும் போட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் தலைப்பு என்றால் பாதிக்குப் பாதி குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மென்பொருள் எதையெல்லாம் பார்க்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தட்டச்சுக்கடை அண்ணன் சொன்ன பாமினி கோப்பு கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அது பழைய எழுத்துருவிலேயே இணையத்தில் கிடந்தால், அதையே யூனிகோடில் அடித்துக் கொடுத்தவனை மென்பொருளால் பிடிக்க முடியாது. ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் இருக்கும் பழைய தமிழ் ஆய்வேடுகள் பல ஸ்கேன் செய்த படங்கள், அவற்றையும் அதனால் படிக்க முடியாது. அப்படி எடுத்தவனுக்கு 3 சதவீதம் வரும், சொந்தமாகப் பாட்டுச் சேகரித்து நேர்மையாக மேற்கோள் காட்டின உங்களுக்கு 34 வரும். எண்ணைப் பார்த்து யார் யோக்கியன் என்று முடிவு செய்ய முடியாது என்று நான் ஒவ்வொரு வருடமும் முதல் கூட்டத்தில் சொல்கிறேன்.

---

மேலூர்_ஆய்வாளன்:

எல்லாரும் சொல்வது நல்லதுதான், ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. சட்டம் பத்து என்கிறது, பத்துக்குக் கீழே வந்தால் முடிந்தது. அக்காவுக்கு வைவா (வாய்மொழித் தேர்வு) முடிய வேண்டும், வேலை உயர்வு வேண்டும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்லை மாற்றிப் போட்டுக் குறைத்துவிட்டுப் போகட்டுமே. எங்கள் துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். யாரோ எழுதினதைப் படித்துத்தானே எல்லாரும் எழுதுகிறோம், முழுக்கப் புதிதாக யார் எழுதுகிறார்கள்?

---

தல்லாகுளத்தான்:

மேலூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. 31 வருடம் கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் கேட்டதில் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி, அதனால் நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

முழுக்கப் புதிதாக யாரும் எழுதுவதில்லை, சரி. தொல்காப்பியரே பக்கத்துக்குப் பக்கம் "என்மனார் புலவர்" என்றுதான் சொல்கிறார். எனக்கு முன்னால் இருந்தவர்கள் இப்படிச் சொன்னார்கள் என்று ஒப்புக்கொண்டுதான் அவர் நூல் நடக்கிறது. உரையாசிரியர்கள் மாற்றுக் கருத்து வரும்போது "என்று உரைப்பாரும் உளர்" என்பார்கள். பெயர் சொல்லவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். படிக்கிறவர்களுக்கு அது யார் உரை என்று தெரிந்திருந்த சின்ன வட்டம் அது. அப்போதும், இது என் கருத்து இல்லை என்ற கோடு தெளிவாகக் கிழிக்கப்பட்டிருக்கிறது. அச்சு வந்த பிறகு அந்த வட்டம் பெரிதாகிவிட்டது, பெயரும் ஊரும் சொன்னால்தான் தெரியும் என்று ஆனது. உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்த ஏடு யாரிடமிருந்து வந்தது என்று பேர் ஊரோடு எழுதிவைத்தார். 1894இல் வந்த புறநானூற்றுப் பதிப்பை எடுத்து முகவுரையைப் படித்துப் பாருங்கள்.

இப்போது சொல்லை மாற்றிப் போடும் விஷயம். ஒரு உதாரணம் நானே எழுதிக் காட்டுகிறேன். ஒரு நூலில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

"தாலாட்டைக் குழந்தை கேட்பதுபோலத் தோன்றும், ஆனால் அந்தப் பாட்டு போய்ச் சேர வேண்டிய காது அடுப்படியில் நிற்கும் மாமியாருடையது."

இதை நம் பிள்ளைகள் எப்படி மாற்றுகிறார்கள்? "தாலாட்டினை மழலை செவிமடுப்பதாகத் தெரியும், எனினும் அப்பாடல் சென்றடைய வேண்டிய செவி சமையலறையில் உள்ள மாமியாருக்குரியது." மென்பொருள் பச்சை காட்டிவிடும். ஆனால் எலும்பு அவருடையது, துணி மட்டும் மாறியிருக்கிறது. மூலத்தில் இருந்த உயிரும் போய்விட்டது. கீழே அடிக்குறிப்பு போட்டாலும் இது குறைதான், ஏனென்றால் வாக்கியத்தை நீங்கள் கட்டினதாகப் படிக்கிறவர் நினைப்பார்.

நேர்மையாக எழுதினால் இரண்டு வழி. ஒன்று, அவர் வாக்கியம் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றால் அப்படியே இரட்டைக் குறிக்குள் போட்டு, பக்க எண் கொடுங்கள். இன்னொன்று, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உங்களுக்கு என்ன புரிந்தது என்று எழுதுங்கள்: "தாலாட்டில் தாய் வீட்டுப் பெருமை அடிக்கடி வருவதற்குக் காரணம், அது புகுந்த வீட்டாருக்குச் சொல்லப்படும் பதில் என்கிறார் இன்னார். செக்கானூரணிப் பகுதியில் நான் சேகரித்தவற்றில் மாமியார் இல்லாத வீட்டுப் பாட்டிலும் இதே பெருமை வருவதால், இந்தக் கருத்து எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை." பார்த்தீர்களா, அவர் பெயரைச் சொன்ன உடனே நீங்கள் பேச ஒரு இடம் கிடைத்துவிட்டது. பெயரை மறைத்திருந்தால் இரண்டாவது வாக்கியம் உங்களுக்கு வந்தே இருக்காது.

நான் மாணவனாக இருந்தபோது அட்டையில்தான் குறிப்பு எடுப்போம். மேல் வரியில் நூல், பதிப்பு ஆண்டு, பக்கம். அதை எழுதாமல் கீழே ஒரு எழுத்து எழுதக் கூடாது. மற்றவர் வாக்கியம் சிவப்பு மையில், அதை நான் சுருக்கினது நீலத்தில், எனக்குத் தோன்றினது பென்சிலில். மூன்று வருடம் கழித்து அட்டையை எடுத்தாலும் எது யாருடையது என்று குழப்பம் வராது. இன்றைக்குப் பாதித் திருட்டு, வேண்டுமென்றே செய்வதில்லை. பிடிஎஃப்பிலிருந்து வெட்டி ஒட்டி வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இது நாம் எழுதினதா எடுத்ததா என்று தெரியாமல் போய்விடுகிறது. கணினியில் நிறம் மாற்ற ஒரு நொடிகூட ஆகாது, செய்யுங்கள்.

---

மேலூர்_ஆய்வாளன்:

ஐயா, நீங்கள் காட்டின மாதிரி யாரும் எங்களுக்குக் காட்டினதில்லை, உண்மையாகச் சொல்கிறேன். பத்தாவதில் நோட்ஸில் இருந்ததை எழுத்து மாறாமல் எழுதினால்தான் முழு மதிப்பெண். ஒரு தடவை சொந்தமாக எழுதினேன், "புத்தகத்தில் இருப்பதுபோல் எழுது" என்று சிவப்பு மையில் குறிப்பு வந்தது. எம்.ஏ. வரைக்கும் அதுதான். திடீரென்று பிஎச்.டி.யில் வந்து அப்படியே எழுதினால் திருட்டு என்கிறார்கள். பதினேழு வருடம் பரிசு கொடுத்த பழக்கத்தை ஆறு மாதக் கோர்ஸ் ஒர்க்கில் எப்படி விடுவது?

இன்னொன்று, செயற்கை நுண்ணறிவிடம் துணைநூற்பட்டியல் கேட்டு வாங்கியிருக்கிறேன். அது பரவாயில்லையா?

---

நூலகத்தம்பி:

தம்பி, அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தீர்களா? போன பருவத்தில் இரண்டு மாணவிகள் என்னிடம் ஒரு பட்டியல் கொண்டுவந்தார்கள், இந்தக் கட்டுரைகள் வேண்டும் என்று. ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். ஆசிரியர் உண்மையில் இருக்கிறார், இதழும் இருக்கிறது, ஆனால் அந்தத் தொகுதியின் அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கிறது. பட்டியலில் இருந்த தலைப்பில் ஒன்றுகூட யாரும் எழுதினதே இல்லை. அந்த இயந்திரம், இருப்பதுபோல் தோன்றும் ஒன்றைக் கட்டித் தந்துவிடும். நீங்கள் கையால் தொட்டு, பக்கத்தைத் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் போடாதீர்கள்.

---

தல்லாகுளத்தான்:

இதோடு சேர்த்து ஒன்று. பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவது இயந்திரம் வருவதற்கு முன்பே நம்மிடம் உண்டு. மேலூர்த் தம்பி ஊர்ப் பக்கம்தான் மாங்குளம் மலை. அங்கே உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். பல பேர் வாசிக்க முயன்றார்கள், கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை உறுதிப்படுத்தி, 2003இல் வந்த தம் பெரிய நூலில் முழுதாகக் கொடுத்தார். இன்றைக்கு ஆய்வேடுகளில் என்ன நடக்கிறது? நாளிதழ்க் கட்டுரை ஒன்றில் படித்திருப்பார்கள், அடிக்குறிப்பில் மகாதேவன் நூலைப் போட்டுவிடுவார்கள். நாளிதழில் ஒரு எழுத்து தப்பாக வந்திருந்தால் அந்தத் தப்பு மகாதேவன் தலையில் ஏறும். மூலம் கிடைக்கவில்லை என்றால், இன்ன நூலில் எடுத்தாளப்பட்டபடி என்று வெளிப்படையாக எழுதுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் முடிந்தவரை மூலத்தையே தேடுங்கள். நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, தமிழ்ச்சங்கம் சாலையில் தமிழ்ச்சங்க நூலகம் இருக்கிறது, பல்கலைக்கழக நூலகம் இருக்கிறது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்ல நமக்கு நியாயம் குறைவு.

கல்வெட்டு இரண்டாயிரம் வருடப் பழசு, அது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதன் வாசிப்பு ஒருவரின் உழைப்பு, அதன் புகைப்படம் இன்னொருவரின் உழைப்பு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது.

பழக்கத்தை எப்படி விடுவது என்று கேட்டீர்கள். வாரம் ஒரு பக்கம், படித்த ஒரு கட்டுரையை மூடிவைத்துவிட்டு நண்பனுக்குச் சொல்வதுபோல் எழுதுங்கள். பத்து வாரம் செய்து பாருங்கள், அப்புறம் என்னிடம் சொல்லுங்கள்.

---

ஒத்தக்கடை_வக்கீல்:

நீதிமன்ற வேலையில் இருந்ததால் தாமதமாகப் பார்க்கிறேன். சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பதிப்புரிமை மீறலும் கருத்துத் திருட்டும் இரண்டு வேறு விஷயங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம் உரிமை இருக்கும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பாரதி பாடல்கள் 1949இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன. நாட்டுடைமை என்றால் பணம் கொடுக்க வேண்டாம், அனுமதி கேட்க வேண்டாம், அவ்வளவுதான். பாரதி வரியை என் வரி என்று எழுதினால் அது திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. எழுதினவர் இவர்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியாகவே வைத்திருக்கிறது.

மறுபக்கம், உரிமை இருக்கும் நூலிலிருந்து ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவு எடுத்தாள 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எத்தனை வரி, எத்தனை சதவீதம் என்று சட்டத்தில் கணக்கு கிடையாது. 200 சொல் வரை எடுக்கலாம், 10 சதவீதம் எடுக்கலாம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது நம் சட்டத்தில் இல்லை. எதற்காக, எவ்வளவு, மூல நூலின் விற்பனையைக் கெடுக்கிறதா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும்.

இப்போது அந்த அப்பத்தா. தாலாட்டுக்கு ஆசிரியர் இல்லை, அது ஊர்ச்சொத்து, யாரும் எடுக்கலாம் என்று வாதிடுவார்கள். பரம்பரையாக வந்த வரிகளுக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் சட்டம் நிகழ்த்துபவர் என்று ஒரு வகையை வைத்திருக்கிறது, பாடுபவர் அதில் வருவார். அவருக்கு 50 வருட உரிமை உண்டு. 2012 திருத்தத்தில் 38ஆ (38B) என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதன்படி, தான் நிகழ்த்தியதை நிகழ்த்தியவர் தான்தான் என்று அடையாளம் காட்டப்படும் உரிமை நிகழ்த்துபவருக்கு இருக்கிறது. இது மேடைக் கச்சேரி செய்பவருக்கு மட்டும் என்று எங்கும் எழுதவில்லை. மாட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்து உங்கள் கைபேசிக்குப் பாடினவரும் பாடகர்தான் என்பது என் வாசிப்பு. பதிவு செய்தவர் என்ற முறையில் உங்களுக்கும் அந்த ஒலிப்பதிவில் உரிமை இருக்கிறது. அதோடு அவர் தம்பியைப் பற்றிய இரண்டு வரி அவரே கட்டினது என்று காட்ட முடிந்தால் நிலைமை இன்னும் வலுவாகும்.

வழக்குப் போடச் சொல்லவில்லை. முதலில் அந்தத் தொகுப்பின் பதிப்பாசிரியருக்கு ஒரு கடிதம், பதிவு செய்த தேதியோடு. 2013 கோப்பு இன்னும் இருக்கிறதா?

---

கண்மாய்க்கரை:

இருக்கிறது அண்ணே. மூலக் கோப்பு, தேதியோடு. எம்.ஃபில். ஆய்வேட்டின் பின்னிணைப்பிலும் இருக்கிறது, நூலகத்தில் ஒரு பிரதி வைத்திருக்கிறார்கள். அது தட்டச்சுப் பிரதி, இணையத்தில் இல்லை, அதனால்தான் மென்பொருளுக்குத் தெரியவில்லை.

---

வேதியியல்_திருநகர்:

ஒரு சின்னக் கூடுதல், அறிவியல் பக்கத்திலிருந்து. எங்களுக்குப் படமும் அட்டவணையும்தான் சிக்கல். ஒரு கட்டுரையிலிருந்து படத்தை எடுத்து "நன்றி" என்று போட்டால் போதாது, பதிப்பகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்கின கடிதத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய பதிப்பகங்களில் இணையத்திலேயே விண்ணப்பித்தால் ஆய்வேட்டுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லாமல் கொடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று, நாமே எழுதி வெளியிட்ட கட்டுரையை ஆய்வேட்டில் சேர்க்கும்போதும் முன்பு இன்ன இதழில் வந்தது என்று குறிப்பிட வேண்டும். இதைப் பற்றி யுஜிசி 2020இல் தனியாகவே அறிவிப்பு விட்டது. அக்கா, உங்கள் 34இல் உங்கள் சொந்தக் கட்டுரைகள் எவ்வளவு என்றும் பாருங்கள்.

---

தட்டச்சுக்கடை:

துணைநூற்பட்டியல் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. எம்எல்ஏ முறை, ஏபிஏ முறை என்று ஆதாரம் காட்டும் வெளிநாட்டு முறைகளைச் சொல்லி, நம் ஆட்கள் பெயரைத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து அப்பா பெயர். அதனால் சிலர் அப்பா பெயரை விரித்து, அதை முதலில் போட்டு, எழுதினவரைப் பின்னால் தள்ளிவிடுகிறார்கள். அப்பாதான் புத்தகம் எழுதினார் என்பதுபோல் ஆகிவிடுகிறது. சொந்தப் பெயர் முதலில், முன்னெழுத்து காற்புள்ளிக்குப் பின்னால், அகரவரிசையும் சொந்தப் பெயரை வைத்து. என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் இப்படித்தான் அடித்துக் கொடுக்கிறேன்.

---

நூலகத்தம்பி:

சரியாகச் சொன்னீர்கள் அண்ணே. சங்க இலக்கியத்தை இணையத்திலிருந்து எடுக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த நூல்களை இலவசமாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் யார் உள்ளிட்டார், யார் பிழை திருத்தினார் என்று இருக்கும். அந்த முகப்பை அப்படியே வைத்திருந்தால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது மட்டும்தான் அவர்கள் கேட்பது. நம் ஊர்ப் பெயரை வைத்து உலகம் முழுக்க இருந்து ஆட்கள் ராத்திரி உட்கார்ந்து அடித்தது அது. அந்த முகப்பை முதலில் வெட்டி எறிந்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறார்கள், எனக்கு அது பொறுக்கவே முடிவதில்லை. எந்தப் பதிப்பை வைத்து உள்ளிட்டார்கள் என்று பார்த்து, அதையும் மதுரைத் திட்டத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். பாடபேதம், அதாவது பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது, வந்தால் அச்சுப் பதிப்போடு ஒப்பிடுங்கள்.

---

கண்மாய்க்கரை:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லாரும் மன்னிக்கவும்.

பழைய கோப்பை எடுத்துக்கொண்டேன், மழலைகளை எல்லாம் தூக்கிவிட்டேன். பாட்டுகளுக்கு இரட்டைக் குறி போட்டேன். தல்லாகுளம் ஐயா சொன்னபடி மூடிவைத்துவிட்டு எழுதினதில், நான் இருபது இடத்தில் மற்றவர் கருத்தை என் கருத்து மாதிரி எழுதியிருந்தது எனக்கே தெரிந்தது. வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்திருந்தேன். அதையெல்லாம் பெயர் சொல்லி எழுதினேன். நூலகத்தில் விலக்குகளைப் போட்டு மறுபடி எடுத்தார்கள், 11 வந்தது. அதில் 6 அந்தக் கட்டுரை. நெறியாளரிடம் 2013 பதிவைப் போட்டுக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். துறைக் குழுவுக்கு ஒரு குறிப்பு தானே எழுதுகிறேன் என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டார். என் கோபம் அவர் மேல் இருந்தது, அன்றோடு போய்விட்டது.

பதிப்பாசிரியருக்குக் கடிதம் போட்டேன். கட்டுரை எழுதினவரே பதில் போட்டார். எம்.ஃபில். பிரதியை நூலகத்தில் பார்த்து எழுதிக்கொண்டதாகவும், பின்னிணைப்புப் பாட்டுக்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும் என்று தெரியாது என்றும் எழுதியிருந்தார். அடுத்த பதிப்பில் பாடினவர் பெயரும் ஊரும் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அப்பத்தா 2017இலேயே இறந்துவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகளைப் போய்ப் பார்த்தேன். ஒப்பாரி சிலவற்றில் குடும்பச் சண்டையெல்லாம் வருகிறது, பெயரோடு போடலாமா என்று கேட்கத்தான் போனேன். தாலாட்டுக்குப் போடு, அந்தச் சொத்துத் தகராறு ஒப்பாரிக்கு மட்டும் வேண்டாம் என்றார். அப்புறம் கைபேசியில் பாட்டைப் போட்டேன். போடி ஏலக்காய் வருகிற இடத்தில் "எங்க மாமாவ" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எழுந்து போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிக்கொள் என்று கொடுத்தார்.

இப்போது ஒரு சந்தேகம். கார்டில் இருக்கும் பெயர் வேறு, ஊரில் எல்லாரும் கூப்பிட்ட பெயர் வேறு. தகவலாளர் பட்டியலில் எதைப் போடுவது?

---

நூலகத்தம்பி:

இரண்டையும் போடுங்கள் அக்கா. கார்டில் உள்ள பெயர் முதலில், ஊர்ப்பெயர் அடுத்து, வயது, ஊர், பதிவு செய்த தேதி. பாட்டுக்குக் கீழேயும் ஒரு வரி வரட்டும், பின்னிணைப்பை யாரும் புரட்டுவதில்லை.